ஜீவராணி விழுங்கிய பல்

நிவித்திகலையைத் தாண்டி மேலே ஏறுகிற பாதையில், ரப்பரும் தேயிலையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஜீவராணியை 'ஆஸ்பத்திரி ராணி' என்று கூப்பிடுவார்கள். கேலிப் பெயர்தான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் தட்டப்படுவது அவள் வீட்டுக் கதவுதான். அங்கே சிங்களம் தெரியாதவர் என்று யாரும் இல்லை. கடையில் பேரம் பேசுவார்கள், பஸ் கொண்டக்டரோடு மல்லுக்கு நிற்பார்கள், கிராமத்து ஆட்களோடு உட்கார்ந்து பகடி பேசுவார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு டொக்டர் உட்கார்ந்து "என்ன வருத்தம்?" என்று கேட்டதும் அந்தச் சிங்களமெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும். கையை வைத்து இங்கே, அங்கே என்று காட்டுவார்கள். குத்தலா, எரிச்சலா, இழுக்கிற மாதிரியா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஜீவராணி அப்படியில்லை. வயிறு எப்போது உப்பியது, சளி என்ன நிறம், காய்ச்சல் காலையிலா மாலையிலா என்று அடுத்தவரின் வருத்தத்தை ஒன்றுவிடாமல் எடுத்து வைப்பாள்.

அவளுடைய சிங்களம் பெல்மதுளையில் படித்தது. பள்ளிக்கூடத்தில் இல்லை. சிறுமியாக இருக்கும்போதே ஒரு கடை முதலாளியின் வீட்டில் பிள்ளை பார்க்க விட்டார்கள். அந்த வீட்டில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. கனவுகூட சிங்களத்தில்தான் வந்தது என்று அவளே சொல்வாள். குமரியாகித் திரும்பி வந்தபோது அவள் தமிழில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒரு வருசத்துக்குள் அதைச் சரிப்படுத்திக்கொண்டாள். அதற்குள் வேலுசாமிக்குக் கட்டிக் கொடுத்தும் விட்டார்கள்.

வேலுசாமி ரப்பர் பால் வெட்டில் நல்ல கை. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவி எடுப்பான். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்றுவிடும். அப்போது அவனைப் போன்ற ஆண்கள் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளுக்குப் போய்விடுவார்கள், தண்ணீர் இறைக்கவும் மண் தூக்கவும். குழி வேலை முடிந்தால் கசிப்புச் சாராயம். அதுவும் எல்லோரும் செய்வதுதான். அப்படி ஒரு மழைக்காலத்தில், குழியிலிருந்து திரும்பிய ஒரு மாலையில், சோறு ஆறிக் கிடந்தது என்றோ வேறு எதற்கோ பேச்சு முற்றி, மூலையில் கிடந்த பால் வாளியை எடுத்து அவள் முகத்தில் வீசினான். வாளியின் விளிம்பு வாயில் பட்டது. மேல் முன்பல் இரண்டும் போய்விட்டன. மகள் சுதர்ஷினி அப்போது பாடப் புத்தகத்தோடு படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறுநாள் பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஜீவராணி எல்லோரிடமும் சொன்னாள். லயத்துச் சுவர் கூரைவரை போவதில்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் எல்லோரும், "பாத்து நடக்கக் கூடாதா புள்ள" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பொய் ஊருக்கே பொதுவாகிவிட்டது.

அதன் பிறகு வேலுசாமி குடிக்கவில்லை. குழி வேலைக்கும் போகவில்லை. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருநாள், "வா, டவுனுக்குப் போவம்" என்று மட்டும் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் பல் கட்டுகிற ஆள் இருந்தார். அவர் காட்டிய பற்களை ஒவ்வொன்றாக அவள் வாயருகே பிடித்துப் பார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு வரவேண்டும் என்று வேலுசாமி பிடிவாதம் பிடித்தான். இளஞ்சிவப்புத் தகடு, அதில் இரண்டு பல், இரண்டு பக்கமும் கொக்கி போல ஒவ்வொரு கம்பி. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. அதுதான் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. 

கம்பி நாளாக நாளாக ஈறைக் கீறியது. ஒரு கம்பியை அந்த ஆளிடமே சொல்லி வெட்டிவிட்டாள். மற்றது ஒருநாள் தானாக உடைந்தது. அதற்குப் பிறகு தகட்டைப் பிடித்து வைத்திருந்தது நாக்கும் பழக்கமும்தான். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். ரொட்டியைக் கடைவாயில் ஒதுக்கி மெல்லுவாள். புதிதாகக் கட்டவேண்டும் என்ற நினைப்பு வந்து வந்து போனது.

அவள் நாக்கு ஒருநாள் மறந்துபோனது.

மழை விட்டிருந்த ஒரு காலை. மரங்களைக் கீறிவிட்டு, பால் சிரட்டையில் சொட்டும் நேரத்தில், அவளும் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் சிந்தாமணியும் ஒரு கல்லில் உட்கார்ந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள். கங்காணியின் புதுக் குடையைப் பற்றிச் சிந்தாமணி ஏதோ சொன்னாள். ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறைய ரொட்டி. கை வாயை மூடப் போனது. அதற்குள் தொண்டையில் ஏதோ அகலமாக, கனமாக இறங்கியது. இறங்கி, கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. உள்ளிருந்து யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது.

நாக்கு மேலே போய்த் தடவியது. வெறும் ஈறு.

ரொட்டி விக்கிக்கொண்டது என்றாள். சிந்தாமணி முதுகில் தட்டினாள். தேத்தண்ணீர் குடித்தாள், பாதி மூக்கால் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மிச்ச மரங்களுக்குப் போய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, வாளியை நிரப்பி, ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறக்காமலேதான் அந்த நேரமெல்லாம் இருந்தாள். இடைவெளி தெரிந்துவிடுமே என்ற கவலை வலிக்கு முன்னால் நின்றது.

வேலுசாமிக்கு அவள் வாயைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பல் உள்ளே போய்விட்டது என்று சொன்னாள்.  அவன் வெளியே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான்.

விழுங்கியதைத் தள்ளிக்கொண்டு போகும் என்ற இந்த வாழைப்பழ வைத்தியத்தில் அவளுக்கே நல்ல நம்பிக்கை. போன வருசம் சிந்தாமணியின் சின்ன மகள் கிருஷிகா ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை விழுங்கிவிட்டாள். ஜீவராணிதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். எக்ஸ்ரே படத்தில், பிள்ளையின் விலா எலும்புகளுக்குக் கீழே, குற்றி வெள்ளை வெளேரென்று நிலா மாதிரித் தெரிந்தது. வயிற்றுக்குள் போய்விட்டது, இனிப் பயமில்லை, வழமை போலச் சாப்பாடு கொடுங்கள், தானாகப் போய்விடும் என்றார் டொக்டர். அப்படியே போனது. லயமே சிரித்தது. வழுவழுப்பான குற்றிக்குப் பொருந்துவது ஓரம் கூரான தகட்டுக்கும் பொருந்துமா என்று யோசிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாழைப்பழத்தை விழுங்கினாள். சோற்றை மெல்லாமல் உருண்டையாக்கி விழுங்கினாள். ஒவ்வொரு உருண்டையும் அந்த இடத்தில் முட்டி, அதை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுப் போனது. சில நேரம் போகாமல் திரும்பி வந்தது.

வலி விடவில்லை. மூன்றாம் நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போன இடம். அன்றைக்கு வேலுசாமியும் கூட வந்தான். அதுவரை அவன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே கிடையாது.

வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்தபோது, சின்ன வயது டொக்டர் தலையைத் தூக்காமலே என்ன வருத்தம் என்று கேட்டார்.

"மட்ட தத்தக் கிலுணா" என்றாள் ஜீவராணி. எனக்கு ஒரு பல் உள்ளே போய்விட்டது.

பொய்ப்பல்லுக்குச் சிங்களத்தில் 'பொரு தத்' என்பார்கள். பெல்மதுளை வீட்டு முதலாளியம்மா இரவில் பற்களைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பாள். தினமும் அதைக் கழுவிக் கொடுத்தவள் ஜீவராணி. அவளுக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. 'பொரு' என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்த வயதில் முன்பல் இரண்டும் எப்படிப் போயின என்று கேட்பார்கள். அடிபட்டு வந்த பெண்களை இதே ஆஸ்பத்திரிக்கு அவள் கூட்டி வந்திருக்கிறாள். வாசலில் இருக்கிற பொலிஸ்காரருக்கு எப்படித் தகவல் போகும் என்றும், பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்றும் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்களுக்காகப் பேசும்போது அவள் குரல் நடுங்கியதில்லை. இப்போது அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால், நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு வேலுசாமி நின்றான்.

ஆடிக்கொண்டிருந்த பல்லா என்று டொக்டர் கேட்டார். அவள் தலையாட்டினாள். பின்னால் வேலுசாமி தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அவனுக்கும் அந்த அளவுக்குச் சிங்களம் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

டொக்டர் தட்டிக் கழிக்கவில்லை. டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவளுக்கே காட்டினார். எலும்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. பல் எலும்பு மாதிரித்தான், உள்ளே நின்றால் வெள்ளையாகத் தெரிந்திருக்கும், கீழே இறங்கிப் போயிருக்கும், போகும்போது கீறிய இடம்தான் வலிக்கிறது என்று விளக்கினார். மாத்திரை எழுதினார். காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்.

ஜீவராணியும் அந்தப் படத்தைப் பார்த்தாள். கிருஷிகாவின் குற்றி எவ்வளவு பளிச்சென்று தெரிந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. வீட்டு வாசலில் காத்திருந்த சிந்தாமணியிடம், "உள்ள இருந்தா படத்துல தெரியுந்தானே" என்றாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கீழே ஆற்றோரம் தண்ணீர் ஏறியதால் பஸ் ஓடவில்லை. அவளால் சோறு விழுங்க முடியாமல் போனது, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். கடைசியில் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. பழைய பால்மா டின் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தாள். குரல் உள்ளே போய், மூச்சில் கலந்த வெறும் சத்தமாகிவிட்டது. உடம்பு கொதித்தது. காய்ச்சல் வந்தால் வரச் சொன்னார்கள் என்பது அவளுக்கு மறக்கவில்லை. கீறின இடம் ஆறும்போது உடம்பு காயத்தானே செய்யும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது இப்படிக் கிடந்திருந்தால் அவளே த்ரீவீலைக் கூப்பிட்டு ஏற்றியிருப்பாள். லயத்தில் எல்லோரும், ராணிக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்கள். வேலுசாமி போவோமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவன் இன்னொரு முறை கேட்கவில்லை.

வெசாக் பண்டிகை லீவுக்குச் சுதர்ஷினி வந்தாள். அவள் அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மென்டில் தையல் வேலை செய்தாள். அம்மாவுக்குத் தொண்டை நோவு என்றுதான் போனில் அப்பா சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

"பல்லு எங்கம்மா?"

ஜீவராணி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"டொக்டர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"பல்லுன்னு" என்றாள் ஜீவராணி. காற்றுத்தான் வந்தது.

"கட்டின பல்லுன்னு சொல்லலியா?"

தாய் கண்ணை மூடிக்கொண்டாள். சுதர்ஷினி அடுப்புப் பக்கம் திரும்பினாள். வேலுசாமி விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"நீங்களும் கூடப் போனீங்கதானேப்பா?"

"அவ சொல்லல" என்றான்.

"நீங்க சொன்னீங்களா?"

விறகு புகைந்தது. அவன் குனிந்து ஊதத் தொடங்கினான்.

சுதர்ஷினி தாயைத் தூக்கி உட்கார வைக்கக் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தாள். கழுத்து வீங்கியிருந்தது. விரல் பட்ட இடத்தில், தோலுக்கு அடியில் காய்ந்த உப்பை நெருடுவது போல நறநறவென்றது. அவள் கையை இழுத்துக்கொண்டு, சிந்தாமணியின் தம்பியுடைய த்ரீவீலை வரச் சொல்லிச் சத்தம் போட்டாள். டவுன் ஆஸ்பத்திரி வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம் என்றாள். வேலுசாமி ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு, கூப்பிடாமலே முன் சீட்டின் ஓரத்தில் ஏறிக்கொண்டான். பாதையெல்லாம் வெசாக் விளக்குக் கூடுகள் மழையில் நனைந்து தொங்கின.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டொக்டரின் பெயர் மர்லியா. முக்காடு போட்ட, நிதானமாகப் பேசுகிற பெண். தமிழிலேயே கேட்டார். சுதர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். இளஞ்சிவப்புத் தகடு, இரண்டு பல், இரண்டு கம்பியும் இல்லை. எவ்வளவு பெரிசு என்று கேட்டதற்குத் தன் கட்டைவிரலைக் காட்டினாள்.

டொக்டர் மர்லியா பழைய எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்துவிட்டு, சும்மா எக்ஸ்ரேயில் இந்தப் பிளாஸ்டிக் தெரியாது என்றார். இறைச்சிக்கும் அதற்கும் படத்தில் வித்தியாசம் இருக்காது. கம்பி இருந்திருந்தால் அதுவாவது தெரிந்திருக்கும். தொண்டை நோ, எச்சில் விழுங்க முடியாது, படத்தில் ஒன்றும் இல்லை என்றால், என்ன போனது என்று ஆள் சொல்வதை வைத்துத்தான் தேடவேண்டும். உணவுக்குழாய் கிழிந்து, காற்று தோலுக்கடியில் வந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கவேண்டும், அதற்குப் பிறகு உடனே ஒப்பரேசன் தியேட்டருக்குப் போகவேண்டும் என்றார். யாரையும் குறை சொல்கிற குரலில் அவர் பேசவில்லை. சுதர்ஷினிதான் அழுதாள்.

நர்ஸ் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது, டொக்டர் கட்டிலின் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"முன்பல் ரெண்டும் எப்படிம்மா போச்சு?"

எட்டு வருசமாகச் சொன்ன பதில் ஜீவராணியின் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. சரிவு, மழை, வாளி. வேலுசாமி கட்டிலின் காலடியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்தாள்.

"அவரு அடிச்சாரு."

குரல் அவ்வளவு மெல்லியது. ஆனால் அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. டொக்டர், இப்போது வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டார். "இப்ப குடிக்கிறதில்ல" என்றாள் ஜீவராணி. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. வேலுசாமி பையை மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனான். சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையின் கீழ் போய்க் குந்தினான். சுதர்ஷினி அவனைத் தேடிப் போகவில்லை.

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தகடு அங்கேதான் இருந்தது. ஒரு ஓரம் உணவுக்குழாயின் சுவருக்குள் பாய்ந்து புதைந்து போயிருந்தது. இழுத்தால் இன்னும் கிழியும் என்று கழுத்தைத் திறந்து எடுத்தார்கள். நெஞ்சுக்குள் சீழ் இறங்கியிருந்தது. அதை வடிக்க விலாவுக்குள் குழாய் வைத்தார்கள். சில நாட்கள் கழித்து மறுபடியும் தியேட்டர். அந்த நாட்களைப் பற்றி ஜீவராணிக்குச் சரியாக ஒன்றும் ஞாபகம் இல்லை. இயந்திரத்தின் சத்தம், வாயில் ஏதோ ரப்பர் வாடை, யாரோ சிங்களத்தில் "அம்மே, அம்மே" என்று கூப்பிட்டது, அவ்வளவுதான். பெல்மதுளை வீட்டில் இருக்கிறோம் என்று சில நேரம் நினைத்துக்கொண்டாள்.

நினைவு திரும்பி வாட்டுக்கு வந்தபோது வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகத்தான் சாப்பாடு. பக்கத்துக் கட்டிலில் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அனிற்றா என்ற பெண் கிடந்தாள். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. ரப்பர் பாலை உறைய வைக்கிற எசிட்டை யாரோ தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். வெயிலில் வந்தவள் தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டாள். அவளுக்கும் வயிற்றில் குழாய். இரண்டு பேராலும் பேச முடியாது. சாப்பாட்டு வண்டி வரும் நேரத்தில், மற்றக் கட்டில்களில் குழம்பு வாசம் எழும்பும்போது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை அனிற்றா ஒரு கவளம் உருட்டி வாயில் வைப்பதுபோல் கையைக் காட்டி, கண்ணால் சிரித்தாள். ஜீவராணியும் ஒரு கவளம் உருட்டிக் காட்டினாள். அப்படி ஒரு விளையாட்டு அவர்களுக்குள் இருந்தது. ஒருநாள் காலையில் ஸ்கேனுக்கு என்று ஜீவராணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. அனிற்றாவின் மாமியார் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஜீவராணியால் அழவும் முடியவில்லை. அழுதால் தையல் இழுத்தது.

டொக்டர் மர்லியா எடுத்த தகட்டை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்து காட்டினார். வேண்டுமா என்று கேட்டார். இத்தனை சின்னதா என்றுதான் ஜீவராணிக்குத் தோன்றியது. பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு அது இன்னும் சரியாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஒரு பொலிஸ்காரர் வந்து பல் போன கதையைக் கேட்டார். பழைய விசயம், முறைப்பாடு இல்லை என்று அவள் சைகையால் சொன்னாள். சுதர்ஷினிக்குக் கோபம் வந்தது. ஆனால் தாயின் கழுத்தில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆடி மாதம் பிறந்திருந்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் கிழிந்த இடம் ஆறும்போது சுருங்கிவிட்டது. உணவுக்குழாய் ஒரு இடத்தில் பேனைக் குழாய் அளவுக்குக் குறுகிவிட்டதாகவும், அது மேலும் மேலும் சுருங்கப் பார்க்கும் என்றும், கிளினிக்குக்கு வந்து வந்து விரித்துக்கொண்டு போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். சோறு, ரொட்டி, இறைச்சி எதுவும் ஆகாது. வடிகட்டிய கஞ்சி, கரைத்த பிஸ்கட், சூப்புத் தண்ணீர். குரல் திரும்பவில்லை. கரகரப்பாக, உடைந்த சத்தமாக ஏதோ வரும். கிட்ட நின்றால்தான் புரியும்.

பால் வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏற அவளால் முடியவில்லை. தோட்டத்தில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். சுதர்ஷினி கார்மென்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும், வீட்டுக்கு இன்னொரு சம்பளமும் வேண்டும். தாயின் கத்தியை எடுத்துக்கொண்டு, தாய் வெட்டிய அதே மரங்களுக்கு ஒரு காலையில் இறங்கிப் போனாள். ஜீவராணி அதைக் கதவில் நின்று பார்த்தாள். அந்த மலைக்கு மகள் போகக்கூடாது என்றுதான் அவளைப் படிக்க வைத்தார்கள், தையல் பழக்கினார்கள். கழுத்துத் தையலைக் காட்டிலும் அது அவளுக்கு நொந்தது.

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்த விசயம் இப்போது வாய்விட்டுப் பேசக்கூடிய விசயமாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், வேலுசாமி வந்தால் நிறுத்திவிடுவார்கள். சுதர்ஷினி அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.  அவன் விடிவதற்கு முன்னால் எழும்பி அரிசியைக் குழைய வேகவைப்பான். மத்தால் கடைவான். ஒரு பழைய வேட்டித் துண்டில் ஊற்றிப் பிழிவான். ஒரு பருக்கை தப்பினாலும் போய் அடைத்துக்கொள்ளும், பிறகு அவள் மூச்சுக்குத் தவிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். பிழிந்ததை மறுபடியும் ஒருமுறை பிழிவான். கிளினிக்கில் ஒரு நர்ஸ், வீட்டில் சாப்பாடு செய்வது யார் என்று கேட்டபோது அவன் கையைத் தூக்கினான். நல்ல புருசன் என்று நர்ஸ் சிங்களத்தில் சொன்னாள். ஜீவராணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 

ஐப்பசி மழையில் ஒரு காலை. சுதர்ஷினி காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய்விட்டாள். மழை பிடித்தால் வெட்டு இல்லை, ஆனாலும் போய்ப் பேர் கொடுக்கவேண்டும். வேலுசாமி அடுப்படியில் குந்தி, துணியை முறுக்கிக்கொண்டிருந்தான். ஜீவராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"அன்னிக்கே நா சொல்லியிருக்கணும்."

அவள் அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு தொண்டையைக் கூட்டி, கேட்கும்படியாகவே கேட்டாள்.

"என்னிக்கி?"

துணியிலிருந்து கஞ்சி சொட்டியது. டவுன் ஆஸ்பத்திரியில் குடையோடு நின்ற நாளையா, அதற்கு எட்டு வருசம் முந்தி, வாளி வீசிய மறுநாள் காலையையா, எதை அவன் நினைத்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாததுபோல இருந்தது.  கோப்பையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். தலையில் முரட்டு ரெட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

அவள் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். அது இறங்கும்வரை அசையாமல் காத்திருந்தாள். இறங்கியது. பிறகு அடுத்த மிடறு குடித்தாள்.